கைப்பிடி ஒரு தத்துவப் பிரச்சினையா?

வணக்கம் சார்,

தத்துவம் படிக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒருவர் ஜாடியின் கைப்பிடி பற்றி எழுதியிருக்கிறார், இன்னொருவர் கட்டைவிரல் பற்றி. மரணம், கடவுள் எல்லாம் இருக்க, இவர்களுக்கு வேறு வேலை இல்லையா? கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே புரியவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கட்டைவிரல் விஷயத்தில் நான் உங்கள் கட்சி. பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேனின், 1580-ல் வந்த கட்டுரைத் தொகுப்பில் அது இருக்கிறது. மகன்கள் போருக்குப் போகாமலிருக்க அவர்கள் கட்டைவிரலை வெட்டி, ரோமப் பேரரசர் அகஸ்டஸிடம் சொத்தைப் பறிகொடுத்த ரோமானியன் கதை மாதிரி, படித்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார். சுவாரசியம் உண்டு, யோசனை இல்லை.

கைப்பிடி அப்படியல்ல. எழுதியவர் பெர்லின்காரர், தத்துவவாதி கியோர்க் சிம்மெல். 1911-ல் வந்த தொகுப்பில் இருக்கிறது. ஓவியம் மரச்சட்டத்துக்குள் தனியாக இருக்கிறது, அங்கே நம் கைக்கு வேலை இல்லை. ஜாடியும் அழகுப் பொருள்தான். ஆனால் தூக்க வேண்டும், ஊற்ற வேண்டும். அதனால் கைப்பிடிக்கு இரண்டு எஜமானர்கள். ஜாடியின் உடம்போடு சேர்ந்திருக்க வேண்டும், நம் கையையும் வா என்று கூப்பிட வேண்டும்.

எங்கள் குளியலறையில் கைப்பிடி உடைந்த பிளாஸ்டிக் மக் ஒன்று இருக்கிறது. உடைந்த முனை குத்தாமலிருக்க வீட்டில் ஆளுக்கொரு விதமாகப் பிடிக்கிறோம். நான் விளிம்பைக் கவ்வித் தூக்குவேன், கட்டைவிரல் தண்ணீருக்குள் இருக்கும். (மொந்தேன் மன்னிக்க.) ஒரு சொட்டு ஒழுகாது, முழு மக்தான். பிடிக்கத்தான் வழியில்லை.

சிம்மெல் அங்கிருந்து மனிதனுக்குப் போகிறார். ஒருவன் தானாகவும் இருக்க வேண்டும், குடும்பத்துக்குள் ஓர் அங்கமாகவும் இருக்க வேண்டும். எதையும் இழக்காமல் எப்படி? கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவருக்கு இது சின்னக் கேள்வியாகத் தெரியாது.

உங்கள் சந்தேகமும் ரொம்பப் பழசு. பிளேட்டோவின் ‘பார்மெனிடீஸ்’ உரையாடலில், அழகுக்கும் நன்மைக்கும் மாறாத மூலவடிவம் தனியே உண்டு என்கிறான் இளம் சாக்ரடீஸ். சரி, முடிக்கும் சேற்றுக்கும் அழுக்குக்கும் உண்டா என்று கேட்கிறார் கிழவர் பார்மெனிடீஸ். சே, இருக்காது என்கிறான். சில சமயம் இருக்குமோ என்று தோன்றும், உளறல் குழியில் விழுந்துவிடுவேனோ என்று பயந்து ஓடிவந்துவிடுவேன் என்கிறான். நீ இன்னும் சின்னப்பையன், ஊர் என்ன நினைக்குமோ என்று பார்க்கிறாய் என்கிறார் பெரியவர்.

கட்டைவிரலை விட்டுவிடுங்கள். கைப்பிடியை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள், சின்னக் கட்டுரைதான். அப்புறம், அந்த மக்கை இன்னும் மாற்றவில்லை.