முதுகில் ஊசி, முழங்காலில் ஆபரேஷன்: பயமும் பதிலும்

அன்புள்ள டாக்டர்,

வரும் வியாழக்கிழமை எனக்கு வலது முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன். வயது 61. செய்துகொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அன்றைய காலையை நினைத்தாலே கை நடுங்குகிறது. முதுகில் ஊசி போட்டு, விழித்திருக்கும்போதே செய்வார்களாம். நடுவில் வலித்தால் என்ன செய்வது? பயத்தில் பிபி ஏறி ஆபரேஷனையே நிறுத்திவிட்டால்?

எஸ்.

அன்புள்ள அம்மா,

முதலில் பிபி. பயத்தில் 150, 160 என்று ஏறுவதை அங்கே தினமும் பார்க்கிறார்கள். பொதுவாக 180/110-ஐத் தாண்டி, இறங்காமல் நின்றால்தான் தள்ளிப்போட யோசிப்பார்கள். அன்று காலை எந்த மாத்திரையைப் போடலாம், எதை விடவேண்டும் என்று புதன்கிழமையே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிபிக்குப் போடும் டெல்மிசார்டான் வகை மாத்திரையைப் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார்கள். பிபிக்கும் இதயத்துக்கும் போடும் மெட்டோப்ரோலால் வகையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. சர்க்கரை மாத்திரைக்குக் கணக்கே வேறு.

பால் காபி ஆபரேஷனுக்கு 6 மணி நேரத்துக்கு முன்பே நின்றுவிட வேண்டும். பால் சேர்ந்தால் அது உணவுக் கணக்கு. வெறும் தண்ணீர் பெரும்பாலும் 2 மணி நேரம் முன்புவரை உண்டு. உங்கள் டாக்டர் சொல்லும் நேரமே முடிவு. தப்பித்தவறி ஒரு வாய் குடித்திருந்தாலும் மறைக்காதீர்கள். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து.

நீங்கள் அதிகம் பயப்படுவது முதுகு ஊசிக்கு. உட்காரவைத்தோ ஒருக்களித்துப் படுக்கவைத்தோ, தாடை நெஞ்சில் படும்படி குனிந்து முதுகை வளைக்கச் சொல்வார்கள். முதலில் தோலை மரக்கவைக்கும் சின்ன ஊசி, எறும்புக் கடி போல இருக்கும். அதன்பின் தெரிவது அழுத்தம்தான். பயத்தில் முதுகை நிமிர்த்தி விறைத்துக்கொண்டால் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள சந்து குறுகி, ஊசி எலும்பில் முட்டும். மறுபடி குத்த வேண்டிவரும். அதனால் தோளைத் தொங்கவிடுங்கள். 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். ஒரு காலில் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்றால் அசையாமல் "வலது கால்" அல்லது "இடது கால்" என்று மட்டும் சொல்லுங்கள். ஊசியை நகர்த்திக்கொள்வார்கள்.

ஓரிரு நிமிடத்தில் கால் சூடாகி, கனத்துப்போகும். குளிர்ச்சி தெரிகிறதா, கிள்ளினால் வலிக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் கத்தியை வைப்பார்கள். தொடுவதும் இழுப்பதும் லேசாகத் தெரியலாம், வலி தெரியக் கூடாது. தெரிந்தால் உடனே சொல்லுங்கள். மயக்க மருத்துவர் முடியும்வரை உங்கள் தலைமாட்டிலேயே இருப்பார், அவர் கையில் மருந்து இருக்கும். குமட்டலோ தலைசுற்றலோ வந்தாலும் சொல்லுங்கள். ஊசியால் பிபி இறங்கியிருக்கும், மருந்து கொடுத்தால் சரியாகிவிடும். உடம்பு நடுங்கினால் பயம் என்று நினைத்துவிடாதீர்கள். மரத்த கால்களில் ரத்தக்குழாய்கள் விரிந்து, உடம்பின் உள்சூடு அங்கே இறங்கிவிடுகிறது. போர்வை கேளுங்கள்.

எலும்பை அறுக்கும் சத்தமும் சுத்தியல் தட்டுவதும் கேட்கும், அதிர்வு இடுப்புவரை வரும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. கேட்க வேண்டாம் என்றால், லேசாகத் தூங்கவைக்கும் மருந்து வேண்டும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இது கேட்கக் கூடாத விஷயமே அல்ல.

பெயர் என்ன, எந்தக் கால் என்று நாலைந்து பேர் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். மறதியால் அல்ல, கால் மாறிவிடாமல் இருக்கத்தான். ஒவ்வொரு முறையும் வாய்விட்டு "வலது" என்று சொல்லுங்கள். பேனா அடையாளம் வலது முழங்காலில்தான் இருக்கிறதா என்று நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில மணி நேரத்தில் மரப்பு விடும். கால்விரல் அசையத் தொடங்கியதுமே நர்ஸிடம் வலி மருந்து கேளுங்கள். வலி முற்றிய பிறகு அடக்குவது கடினம்.

அன்புடன்