சேம்பிலையும் டெஃப்லான் டேப்பும்

கேள்வி: கண்ணாடித் தகட்டில் புரதக் கரைசலை விட்டால் பரவிப்போகிறது. ராமன் நிறமாலையில் (லேசர் பட்டுச் சிதறும் ஒளியை வைத்துப் பொருளை அடையாளம் காட்டும் வரைபடம்) ஒன்றும் தெரிவதில்லை. செலவில்லாமல் வழி உண்டா, சேர்?
— பல்கலைக்கழக மாணவி, ஹட்டன்

பதில்: ஓடைக்கரைச் சேம்பிலையில் மழைத்துளி உருண்டு நிற்குமே, அதுதான் உங்களுக்கு வேண்டும், மகள்; துளி பரவாவிட்டால் புரதம் சிறு இடத்தில் செறிந்து நிற்கும். ஆனால் இலையையே வைத்துவிடாதீர்கள், பச்சையம் ஒளிர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும். நான் ஒருமுறை குப்பி லாம்புக் கரியைப் பூசினேன். துளி முத்துப்போல நின்றது, சரி. நிறமாலையில் 1350, 1580 (அலைஎண், cm⁻¹) பக்கம் கரியின் இரண்டு மேடுகள்தான்! லேசர் பட்டதில் புரத மாதிரியும் கருகியது.

அப்புறம் ஹாட்வெயார் கடைக்குப் போய், பைப் மரைக்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப் வாங்கினேன். தகட்டில் அலுமினியத் தாளைச் சுற்றி, அதன்மேல் டேப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டுங்கள். 2 மைக்ரோலீட்டர் துளி போதும். டெஃப்லானுக்கும் 732 அருகே பெரிய மேடு உண்டு. புரதத்தின் 1003, 1650 மேடுகளை அது தொடாது.

நம் ஊர் மூடுபனியில் துளி லேசில் காயாது. சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். காய்ந்ததும் புரதம் பெரும்பாலும் விளிம்பில் வளையமாக ஒதுங்கும். லேசரை நடுவில் அல்ல, அந்த வளையத்தில் குவியுங்கள்.