பாதியில் நிறுத்தச் சொன்னால்?

கேள்வி: சின்ன வயதிலிருந்து வாய்ப்பாட்டு கற்கிறேன். அடுத்த மாதம் கர்னாடக இசை ஆடிஷன். மொத்தமே 15 நிமிடம்தானாம். கல்யாணி ராகத்தில் ஆலாபனை, கிருதி, நிரவல், ஸ்வரம் என்று 40 நிமிடத்துக்குத் தயார் செய்து வைத்திருக்கிறேன். எப்படிச் சுருக்குவது டீச்சர்?

பதில்: சுருக்காதீர்கள். பெரியதைச் சுருக்கினால் ஓட்டமும் நடையுமாகத்தான் இருக்கும். சின்னதாகவே புதிதாகக் கட்டுங்கள். நிரவலை (ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுவதை) விட்டுவிடலாம், கேட்டால் பாடிக்கொள்ளலாம்.

தேர்வுக் குழுவில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் பாடும் வர்ணத்தில் பல்லவி முடிவதற்குள்ளேயே சுருதி, தாளம் இரண்டும் எப்படி என்று பிடிபட்டுவிடும். "போதும், ராகம் பாடுங்க" என்போம். உடனே பாடுகிறவர் முகம் வாடிவிடும். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்ற நினைப்பு. அதற்கப்புறம் கார்வை, அதாவது ஒரே ஸ்வரத்தில் நீட்டி நிற்பது, ஒன்றுகூட நிற்காது. அதனால் வீட்டில் யாரையாவது எதிரே உட்காரவைத்து, கண்ட இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். "சரணத்திலிருந்து எடு", "இதையே இரண்டாம் காலத்தில், இரட்டை வேகத்தில் பாடு" என்று அவர்கள் படுத்தட்டும்.

கல்யாணி ஆலாபனைக்கு 3 நிமிடம் தாராளம். முதல் பிடியிலேயே ராகம் தெரிந்துவிட வேண்டும். கீழ் ஸ்தாயியிலிருந்து சாவகாசமாக ஏறி வருவதெல்லாம் கச்சேரிக்கு. காந்தாரத்தில் ஒரு நல்ல கார்வை, சட்ஜ பஞ்சமத்தை விட்டுப் போகிற ஓரிரண்டு சஞ்சாரம், மேல் சட்ஜத்தைத் தொட்டு இறக்கம், அவ்வளவுதான். பிருகாவை, அந்த வேக உருட்டல்களை, அள்ளிக் கொட்டாதீர்கள். அதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது சலித்துவிட்டது!

ஸ்வரத்துக்குப் பெரிய கோர்வையை (முடிவில் வரும் கணக்கை) உருப்போட வேண்டாம். அரை இடத்து எடுப்பு, அதாவது தாளம் தொடங்கி அரை எண்ணிக்கை தள்ளிப் பாட்டு ஆரம்பிப்பது என்றால், ஒரு ஆவர்த்தன (தாளத்தின் ஒரு சுற்று) ஸ்வரங்கள் நாலைந்து பாடி, ஒவ்வொரு முறையும் எடுப்பில் சரியாக வந்து விழுங்கள்.

பக்கவாத்தியக்காரர்களிடம் உங்கள் கட்டையை (சுருதி அளவை) முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அன்றைக்குத் தொண்டை சரியில்லை என்று ஐந்தரைக் கட்டையை ஐந்தாக்கினால் வயலின்காரர் சமாளிப்பார். சொன்ன சுருதிக்கேற்ற மிருதங்கத்தோடு வந்திருக்கும் மிருதங்கக்காரர் பாடு திண்டாட்டம்.

ராகப் பட்டியல் எழுதித் தரச் சொல்வார்கள். நீளமாக இருப்பதில் பெருமை ஒன்றுமில்லை, அதிலிருந்துதான் கேள்வியே வரும். தர்பார் என்று எழுதினால், அதை ஒத்த நாயகி ராகத்தின் சாயல் விழாமல் பாட வர வேண்டும். சந்தேகமாக இருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள்.