பக்கம் திறந்ததும் நாயனம் ஒலிக்க வேண்டுமா?

கேள்வி: திருப்பாப்புலியூரில் நாயன செட் வைத்திருக்கிறோம். கல்யாண புக்கிங்குக்காக நானே ஒரு வெப்சைட் போட்டேன். திறந்ததும் மல்லாரி என்ற நாலு நிமிஷ நாயன உருப்படி தானாக ஒலிக்க ஆட்டோபிளே கொடுத்திருக்கிறேன். என் கம்ப்யூட்டரில் ஒலிக்கிறது, புதுச்சேரியில் மச்சான் போனில் சத்தமே இல்லை. என்ன தப்பு?

பதில்: தப்பு நீங்கள் எழுதிய கோடில் (code) இல்லை. ஆள் தொடாமலே சத்தம் போடும் பக்கங்களை குரோம் 2018லேயே அடக்கிவிட்டது, சஃபாரி அதற்கும் முந்தி. அப்புறம் உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் எப்படி? சரியாக வருகிறதா என்று அதே சைட்டில் தினம் பத்துத் தடவை ஓட விட்டுப் பார்த்திருப்பீர்கள், இவர் இங்கே கேட்கத்தான் வருகிறார் என்று குரோம் கணக்கு வைத்து வழிவிட்டிருக்கும். மச்சான் போனுக்கு அந்தச் சலுகை கிடையாது.

சத்தத்தை அடைக்கும் மியூட்டட் என்ற சொல்லைச் சேர்த்து ஆட்டோபிளே ஓடினாலும், ஊமை நாயனத்தை வைத்து என்ன செய்வது? என்னைக் கேட்டால் ஆட்டோபிளேயையே எடுத்துவிடுங்கள். பெண் வீட்டுக்காரர் கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்து உங்கள் நம்பரைத் தேடும்போது திடீரென்று தவில் அதிர்ந்தால் பதறிப்போய் பக்கத்தை மூடிவிடுவார், புக்கிங்கும் போச்சு.

பாட்டைப் பக்கத்தில் சேர்க்க நீங்கள் எழுதிய அதே ஆடியோ டேகில் (audio) கண்ட்ரோல்ஸ் (controls) என்ற ஒற்றைச் சொல்லைப் போடுங்கள். அது இல்லாவிட்டால் பிளேயர் திரையில் தெரியவே தெரியாது. கூடவே பாட்டை முன்கூட்டியே இறக்காமல் இருக்க பிரீலோடுக்கு (preload) 'நன்' (none) கொடுங்கள். 128 கேபிபிஎஸ் தரத்தில் உள்ள எம்பி3 என்றால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி, ஆக உங்கள் மல்லாரி 4 எம்பி. பிளே பட்டனைத் தொடாதவர் டேட்டாவை அது ஏன் தின்ன வேண்டும்?

சத்தத்தைக் குறைக்க டேகில் வழி இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் வால்யூமை 0 முதல் 1 வரை வைக்கலாம், 0.6 போதும். ஐபோன் அதையும் மதிக்காது.

ஒரே பக்கத்தில் நாலைந்து உருப்படி வைத்தால் இன்னொரு வேலை இருக்கிறது. மல்லாரி ஓடும்போதே தவில் தனி ஆவர்த்தனத்தைத் தொட்டால் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும், பிரவுசர் தானாக ஒன்றை நிறுத்தாது. ஒன்று ஓட ஆரம்பித்ததும் மற்றவை நிற்க பாஸ் (pause) போகும்படி நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதிவிடுங்கள்.

அப்புறம் ஃபைல் பெயர். விண்டோஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது. வெப்சைட் இருக்கும் லினக்ஸ் சர்வர் பார்க்கும். ஃபைல் பெயரின் கடைசியில் வரும் எம்பி3 பெரிய எழுத்திலும் டேகில் சின்ன எழுத்திலும் இருந்தால் பிளேயர் வரும், அழுத்தினால் சத்தம் வராது. இதிலேயே எனக்கு ஒருநாள் சாயங்காலம் முழுக்கப் போயிருக்கிறது.