ஃபுட் பேங்க்குக்குப் போகலாமா என்று கேட்ட தம்பிக்கு

"அண்ணே, ஜனவரியில் மாஸ்டர்ஸ் படிக்க இங்கிலாந்து வந்தேன். ஏஜென்ட் சொன்ன மாதிரி பார்ட் டைம் வேலை எதுவும் அமையவில்லை. வாடகை கட்டியதும் கையில் காசு நிற்பதில்லை, ஒருவேளைதான் சாப்பிடுகிறேன். கூட இருக்கும் பையன் ஃபுட் பேங்க்குக்குப் போகச் சொல்கிறான். போனால் விசாவுக்கு ஏதும் ஆகுமா? அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். ஊரில் தெரிந்தால் என்ன நினைப்பார்?" ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்த் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். நானும் மண்டபம்தான். இப்போது இங்கிலாந்திலிருந்து லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன், திண்ணையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

தம்பி, போங்கள். விசாவுக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் விசாவில் பொதுநிதி வாங்கக் கூடாது என்று போட்டிருப்பது அரசு தரும் உதவித்தொகை, அரசு வீடு மாதிரியானவற்றுக்கு. ஃபுட் பேங்க் அந்தக் கணக்கில் வராது. அது கஷ்டப்படுகிறவர்களுக்கு இலவசமாகச் சாப்பாட்டுச் சாமான் கொடுக்கிற இடம். தொண்டு அமைப்புகளும் சர்ச்சுகளும், அக்கம்பக்கத்தார் கொடுக்கிற சாமான்களை வைத்து நடத்துவது. விசாவுக்கு ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. கையில் காசில்லாத பையனைத்தான், 'ரெஜிஸ்டரில் எழுத வேண்டாம், கேஷாக வாங்கிக்கொள்' என்று கூப்பிடுவார்கள். வகுப்பு நடக்கும் நாள்களில் வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டி வேலை பார்த்து மாட்டினால் படிப்பும் போச்சு, கட்டின காசும் போச்சு.

நேராகப் போய் நின்றால் பல இடங்களில் தர மாட்டார்கள். யாராவது சீட்டு எழுதித் தர வேண்டும். யுனிவர்சிட்டியில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் அலுவலகம், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை மையம், டாக்டர் என்று யார் மூலமாகவும் வாங்கலாம். இப்போது பெரும்பாலும் போனுக்கே ஒரு எண் வந்துவிடுகிறது. அதைக் காட்டினால் குறைந்தது மூன்று நாளைக்கான சாமான் தருவார்கள். சீட்டே கேட்காத சின்ன ஃபுட் பேங்க்குகளும் உண்டு. அதே அலுவலகத்தில் கஷ்ட நிதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். பல யுனிவர்சிட்டிகள் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து தருகின்றன, வெளிநாட்டு மாணவர்களுக்கும் சில இடங்களில் உண்டு.

நான் ஃபுட் பேங்க்குக்குப் போனது 2012இல். வேலை பார்த்த ஓட்டலில் ஆறு வாரச் சம்பளத்தை இன்று நாளை என்று இழுத்தடித்தார்கள். காலேஜில் ஒரு அம்மா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை நாலு நாள் பர்சிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். சர்ச் ஹால் வாசல்வரை போய் ஒருமுறை திரும்பியும் வந்தேன். கடைசியில் உள்ளே போனால் வரிசையும் இல்லை, விசாரணையும் இல்லை. மேஜை போட்டு டீயும் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். வயதான பாட்டி ஒருவர் என்னிடம் கேட்டது மூன்றே கேள்வி: அடுப்பு இருக்கிறதா, எதையெல்லாம் சாப்பிட மாட்டாய், டின் திறக்கிற கருவி இருக்கிறதா. கடைசிக் கேள்வி எனக்குப் புரியவே இல்லை. வீட்டுக்கு வந்து பையைக் கொட்டிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. பாஸ்தா, டீத்தூள் பை, கெடாத பால், பிஸ்கட் போக மீதியெல்லாம் டின்.

அதில் தக்காளி சாஸில் ஊறிய மத்தி இரண்டு. கரையில் கூடை கூடையாகக் கொட்டிக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, தகர டப்பாவுக்குள் தலையில்லாமல் அடுக்கின மத்தி! சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சாஸை வழித்துவிட்டு, வெங்காயத்தை வதக்கி, இருந்த புளியைக் கரைத்து, மிளகாய்த்தூள் போட்டுக் கொதித்த பிறகு மீனைக் கடைசியில் இறக்கினேன். முதலிலேயே போட்டால் கரைந்து கூழாகிவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சாஸில் மிதக்கும் பீன்ஸும் நிறைய வரும். கழுவிவிட்டுக் கடுகு தாளித்தால் சுண்டல் மாதிரி ஓடிவிடும்.

போகிறவர்கள் எல்லாம் வேலையற்றவர்கள் என்று நினைக்காதீர்கள். அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் யூனிஃபார்மோடு வந்திருந்தார். டிரஸ்ஸல் என்ற அமைப்பு 2000இல் சால்ஸ்பரி நகரில், பிள்ளைகள் பசியோடு படுக்கப்போகிறார்கள் என்று ஒரு தாய் சொன்னதைக் கேட்டு, தோட்டத்துக் கொட்டகையில் தன் முதல் ஃபுட் பேங்க்கைத் தொடங்கியது. 2023-24இல் அவர்கள் ஃபுட் பேங்க்குகள் மட்டும் கொடுத்த பொட்டலங்கள் 31 லட்சத்துக்கும் மேல். அதில் 10 லட்சத்துக்கும் மேல் குழந்தைகளுக்கு. வாடகைக்கும் கரண்டுக்கும் கொடுத்த பிறகு சம்பளத்தில் மிச்சமில்லாத வீடுகள் அங்கே அவ்வளவு.

அதனால்தான் ஒரு கோபமும் உண்டு. 'மளிகைச் செலவே இல்லாமல் வெளிநாட்டில் வாழ்வது எப்படி' என்று நம்ம பையன்கள் ஃபுட் பேங்க் பையைத் தூக்கிக் காட்டி வீடியோ போடுகிறார்கள். இருக்கிறவன் எடுத்தால் அந்த யூனிஃபார்ம் பெண்ணுக்குக் குறையும். உங்களுக்கு வேலை கிடைத்ததும் நிறுத்திவிடுங்கள். இதை நம்பி மாதக் கணக்கில் ஓட்டவும் முடியாது, வாடகைப் பிரச்சினையை டின் தீர்க்காது. இடையில் சீக்கியர்களின் கோயிலான குருத்வாரா எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தலையை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்தால் சூடாக ரொட்டியும் பருப்பும் வரும், யார் எவர் என்று கேட்க மாட்டார்கள். சூப்பர் மார்க்கெட்டில் மாலை நேரம் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிக் குறைத்த விலையில் விற்பார்கள், அதுவும் கைகொடுக்கும்.

அப்புறம் அப்பா விஷயம். இங்கே இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் போகக் கூடாது. எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கின்றன, நாட்டுப்படகு மட்டும் போய் வருகிறது. நிவாரணம் 8,000 ரூபாய், ரேஷனில் விலையில்லா அரிசி. வாங்குகிற யாரும் தலையைக் குனிந்துகொண்டு போகவில்லை. உங்கள் அப்பாவுக்கு இது தெரியாதா?

என் அப்பத்தா தனுஷ்கோடிக்காரர். 1964 புயலில் வீடு போய், கட்டின சேலையோடு மண்டபம் வந்து, யாரோ ஊற்றிய கஞ்சியைத்தான் நாள்கணக்கில் குடித்தார். கடைசிக் காலம்வரை அந்தக் கஞ்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் உப்பு போடவில்லை என்றுதான் குறை சொல்வார். வரிசையில் நின்றதை ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை.

சரி, போகும்போது நல்ல துணிப்பை இரண்டு கொண்டுபோங்கள், டின் கனத்தில் பிளாஸ்டிக் பை காது அறுந்துவிடும். நான் ஜூன் கடைசியில் திரும்புகிறேன். எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள், அம்மா நெத்திலிக் கருவாடு காயவைத்திருக்கிறார். வறுக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அலாரம் அடித்து நான் ஒருமுறை மொத்தக் கட்டடத்தையும் ரோட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.