மலை மறைக்காது, மரம் மறைக்கும்

மஸ்கெலியாவுக்கு அருகிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் தோட்டத்துக் கோவில் திருவிழாவை நேரடியாக ஒளிபரப்பவும், மேடையில் இருப்பவர்கள் கொழும்புக் கலையகத்துடன் உரையாடவும் செய்மதி வாகனம் ஒன்றை வரவழைக்கிறோம். சுற்றிலும் மலை, காலையில் பனிமூட்டம். சிக்னல் கிடைக்குமா? இப்படிப் பேசும்போது பதில் ஏன் தாமதமாக வருகிறது?"

மலையை மறந்துவிடுங்கள். கைத்தொலைபேசிக் கோபுரத்துக்குத்தான் அது பகை. தொலைக்காட்சிச் செய்மதிகள் பூமத்தியரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. நாம் அந்த ரேகைக்கு ஏழு பாகை வடக்கே மட்டும் இருக்கிறோம். கிழக்கு நெடுங்கோடு 83 பாகையில் நிற்கும் செய்மதிக்கு டிஷ்ஷை ஏறக்குறைய 80 பாகை நிமிர்த்த வேண்டும். 100.5 பாகையில் நிற்பதற்கும் 65 பாகை வேண்டும். பள்ளத்தாக்கின் அடியில் நின்றாலும் அந்த வானம் தெரியும்.

மறைப்பது மரம். நிழல் தேடி யூக்கலிப்டஸ் மரத்தடியில் வாகனத்தை நிறுத்தும் ஓட்டுநரை முதலில் நகர்த்துங்கள். தோட்டத் தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக் களம் நல்ல இடம். ஈர மண் என்றால் வாகனத்தை அசையாமல் நிறுத்தும் தாங்குகால்களுக்கு அடியில் பலகை போடச் சொல்லுங்கள். 1.2 மீட்டர் டிஷ் அனுப்பும் கதிரின் அகலம் ஒன்றேகால் பாகைதான். ஒரு கால் சற்றுப் புதைந்தாலே குறி தப்பும்.

பனிமூட்டம் ஒன்றும் செய்யாது, அதன் துளிகள் அவ்வளவு சிறியவை. அடைமழை வேறு கதை. இவ்வகை வாகனங்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் 14 கிகாஹேர்ட்ஸ் அலையை அது விழுங்கிவிடும். மார்ச், ஏப்ரலில் இடிமழை பிற்பகலில் வருவதால் நேரடிப் பகுதியைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

இனித் தாமதம். குரல் மேலே போய்க் கீழே இறங்கக் கால் விநாடி ஆகும். கேள்வியும் பதிலும் சேர்ந்தால் அரை விநாடி. படத்தைச் சுருக்கும் கருவி அதற்கு மேலும் சேர்க்கும். இதை ஒழிக்க முடியாது, குறைக்கலாம். தோட்டத்தில் தொலைபேசி இணைப்பு இருந்தால் கலையகத்தின் கேள்வி அந்த வழியே வரட்டும். பதிலும் படமும் மட்டும் செய்மதியில் போகட்டும். இணைப்பு இல்லையென்றால் வாகனத்தின் இருவழிக் குரல் வசதியே கதி.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மேடைக்குத் திரும்பி வரும் ஒலியில் மேடையில் பேசுபவரின் குரல் இருக்கவே கூடாது. அதைக் கழித்து அனுப்புமாறு கலையகத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தன் குரலையே பிந்திக் கேட்கும் தர்மகர்த்தா திக்கித் திணறி, "கேக்குதா, கேக்குதா" என்று நின்றுவிடுவார். மேடையில் ஒலிபெருக்கி வைக்காமல் காதுக்கருவி கொடுங்கள்.

அலையை மேலே அனுப்பத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும், செய்மதியில் நேரமும் ஒதுக்கியிருக்க வேண்டும். இரண்டும் வாகனக்காரர் பொறுப்பு. முற்பணம் கொடுக்குமுன் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். அனுப்பும்போது டிஷ்ஷுக்கு முன்னால் பிள்ளைகள் போகாமல் கயிறு கட்டுங்கள். கோவில் அலங்கார விளக்குக்கும் வாகனத்துக்கும் ஒரே ஜெனரேட்டர் வேண்டாம்: விளக்கு எரியும் கணத்தில் மின்னழுத்தம் விழும், கருவி அணைந்து மறுபடி எழுவதற்குள் தேர் நிலையைக் கடந்திருக்கும்.