97 டாலர் கொடுத்து அந்த 12 வார இணைய உடற்பயிற்சித் திட்டத்தை வாங்கலாமா?

கேள்வி: கோலாலம்பூரில் அலுவலக வேலை, வயது 41. எடை கூடிவிட்டது, படியேறினால் முழங்கால் வலிக்கிறது. முகநூலைத் திறந்தாலே ஒரு 12 வாரப் பயிற்சித் திட்டத்தின் விளம்பரம் வருகிறது. 297 டாலராம், இன்று மட்டும் 97. வாங்கலாமா?

பதில்: இன்று வாங்காதீர்கள். "இன்று மட்டும்" என்ற விலை பெரும்பாலும் அடுத்த வாரமும் அப்படியேதான் இருக்கும். சந்தேகமென்றால் அதே பக்கத்தை இன்னொருவர் கைப்பேசியில் திறந்து பாருங்கள். சலுகை முடிய இன்னும் இவ்வளவு நேரம் என்று காட்டும் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கினால் விஷயம் புரிந்துவிடும்.

நான் செந்தூலில் இருக்கிறேன். காசு கொடுத்து ஓர் இணையத் திட்டத்தை வாங்கி, கடைசி வாரம் வரை செய்து முடித்தவள். அதனால் எல்லாமே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் 97 டாலர் என்பது நம் காசுக்கு ஏறக்குறைய நானூறு வெள்ளி (ரிங்கிட்). அதை எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

பயிற்சிகளுக்காக என்றால் தேவையே இல்லை. ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), புஷ்-அப், பிளாங்க் எல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. பிரிட்டனின் அரசு சுகாதார அமைப்பான என்எச்எஸ், "கவுச் டு 5கே" என்ற, 5 கிலோமீட்டர் ஓடப் பழக்கும் 9 வாரத் திட்டத்தை இலவசமாகவே தருகிறது. வாரம் மூன்று நாள், நடையும் ஓட்டமும் மாறி மாறி. காசு கொடுக்க நியாயமான காரணம் என்று எனக்குத் தோன்றுவது இரண்டுதான்: வாரத்துக்கு வாரம் எதை, எவ்வளவு கூட்டுவது என்று ஒருவர் யோசித்து வரிசைப்படுத்தியிருக்க வேண்டும்; நாம் தப்பாகச் செய்தால் பார்த்துத் திருத்த ஆள் இருக்க வேண்டும்.

இந்த இரண்டும் இருக்கிறதா என்பதை விளம்பரப் பக்கத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள்: "ஐந்தாம் வாரம் புதன்கிழமை நான் என்ன செய்வேன்? எத்தனை நிமிடம்? ஸ்குவாட் செய்யும்போது முழங்கால் வலித்தால் அதற்குப் பதில் என்ன? ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டால் எங்கிருந்து தொடர்வது?" நான் வாங்குவதற்கு முன்பு இதைத்தான் கேட்டேன். இரண்டு இடங்களுக்கு எழுதினேன். ஓரிடத்திலிருந்து இன்னும் பெரிய தள்ளுபடி வந்தது, பதில் வரவில்லை. இன்னோர் இடத்தில் அந்த வாரத்தின் அட்டவணையையே அனுப்பிவிட்டு, "முதல் வாரத்தைச் செய்து பாருங்கள், அப்புறம் பணம் கட்டலாம்" என்றார்கள். இரண்டாவதை வாங்கினேன். நான் குனிந்து நிமிர்வதைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், முதுகு வளைகிறது, குதிகால் தூக்குகிறது என்று திருத்திச் சொன்னார்கள். கொடுத்த காசு அதற்குத்தான்.

பயிற்சிக்கு முன், பயிற்சிக்குப் பின் என்று போடும் படங்களை நம்பி முடிவெடுக்காதீர்கள். வெளிச்சத்தையும் நிற்கும் விதத்தையும் மாற்றி, வயிற்றை உள்ளிழுத்தால் ஒரே மாலையில் இரண்டு படங்களையும் எடுத்துவிடலாம். முதல் வாரத்தில் சட்டென்று இறங்கும் எடையிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். சோறு, ரொட்டியைக் குறைத்ததும் உடலில் சேமித்திருந்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்து கரைகிறது, அதோடு ஒட்டியிருந்த நீரும் போகிறது. வயிற்றுக்கான பயிற்சி வயிற்றுக் கொழுப்பை மட்டும் தனியாகக் கரைக்கும் என்பதும் நடக்காத காரியம். தசை பலப்படும், ஆனால் கொழுப்பு எங்கிருந்து குறையும் என்பதை உடல்தான் முடிவுசெய்கிறது. அமெரிக்காவில் "ஏப் சர்க்கிள் புரோ" என்ற வயிற்றுப் பயிற்சிக் கருவியை, இரண்டு வாரத்தில் 10 பவுண்டு எடை குறையும் என்று விளம்பரம் செய்து விற்றார்கள். 2012-இல் அந்நாட்டு வணிக ஆணையம் அதன்மேல் நடவடிக்கை எடுத்தது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அதே மாதிரி வாக்குறுதிதான் இப்போது வீடியோவாக வருகிறது.

பணம் கட்டும் பக்கத்தைப் பொறுமையாகப் படியுங்கள். என்னோடு வேலை செய்பவர் ஒரு டாலர் சோதனை வாரத்துக்கென்று கார்டு எண்ணைக் கொடுத்தார். அப்புறம் மாதாமாதம் பணம் போய்க்கொண்டே இருந்தது, வங்கியில் கார்டையே மாற்றித்தான் நிறுத்த முடிந்தது. பணம் திருப்பித் தருவோம் என்றால் என்ன நிபந்தனை என்று பாருங்கள். 12 வாரமும் முடித்ததற்கு ஆதாரம் கேட்டால் அது நமக்கு உதவாது. விற்பவர் மலேசியாவில் பதிவுபெற்றவர் என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 5 வெள்ளி கட்டி மனு கொடுக்கலாம், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பார்கள். முகவரியே போடாத வெளிநாட்டு ஆளை அங்கே வரவழைப்பது கடினம்.

சாப்பாட்டு அட்டவணையும் சேர்த்துத் தருகிறார்களா? கினோவாவும் அவகாடோவும் எழுதியிருந்தால் நம் வீட்டில் இரண்டு வாரம்கூட ஓடாது. காலையில் நாசி லெமாக், மாலையில் மாமாக் கடையில் தே தாரேக், ரொட்டி சானாய் என்று இருக்கும் நமக்கு இதில் எதை எவ்வளவு குறைப்பது என்று சொல்பவர்தான் வேண்டும்.

உங்கள் முழங்காலைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. குதித்துக் குதித்துச் செய்யும் பயிற்சிகளை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். அப்படியே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள், 2023 தேசிய ஆய்வின்படி இங்கே பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. டாக்டர் சரி என்றால் தித்திவங்சா ஏரியைச் சுற்றி நடக்கத் தொடங்குங்கள். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி, இரண்டு நாளாவது தசைக்கு வேலை. நீங்கள் வாரத்துக்கு 60 நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டினால் போதும். பத்துமலையின் 272 படிகளைப் பயிற்சியாக ஏறுவதைத் தள்ளிப்போடுங்கள். இறங்கும்போதுதான் முழங்காலில் பாரம் அதிகம்.

அந்தத் திட்டக்காரர்களுக்கு இன்றே எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் இங்கே கீழே போடுங்கள், அட்டவணையைப் படித்துப் பார்த்து என் கருத்தைச் சொல்கிறேன்.